தம்மம்பட்டி பஸ்ஸும் ஒரு பதவியேற்புரையும்

1

சென்ற வாரம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பல்கலைக்கழகத்தில் கலைப்புலத்துக்கு ஏதோ ஆண்டு நிறைவாம். கெட்டி அட்டை போட்டு, வழவழப்பான தாளில் ஒரு மலர் அச்சடித்து, ஓய்வுபெற்றவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு துணி துவைக்கக் கீழ்த்தளத்துக்குப் போனேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்வீடனில் பழைய அடுக்ககங்களில் துணி துவைக்கும் இயந்திரம் வீட்டுக்குள் இருப்பதில்லை. கீழே எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறை. அதற்கு முன்பதிவு உண்டு. பதிவு செய்தவர் நேரத்துக்கு வராவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் சுவரில் விதி ஒட்டியிருக்கிறது. வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுக்காமல் போனவரைக் கண்டித்துப் பெயரில்லாத சீட்டு ஒட்டுவார்கள். இந்த நாட்டு மக்கள் பகிரங்கமாகக் கோபப்படும் இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

எனக்கு அடுத்த முறை பிரிட்டாவுடையது. எனக்குக் கீழ் வீட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அதே புலத்தில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது நான் பெஞ்சில் உட்கார்ந்து மலரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் இருக்கிறேனா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்னால் பெயர்ப் பட்டியலில்?"

"அதிலும் இல்லை."

"காப்பி இயந்திரம்?"

எங்கள் புலத்தில் எல்லோரும் காப்பி பிடித்துக் குடித்த பழைய இயந்திரத்துக்கு அரைப்பக்கமும் ஒரு படமும் கொடுத்திருந்தார்கள். சொன்னேன்.

"அது எல்லோருக்கும் பயன்பட்டது" என்று சொல்லிவிட்டுப் போர்வைகளை இயந்திரத்துக்குள் திணித்தார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

2

பிரிட்டா நாவலாசிரியர். இலக்கிய ஆய்வாளர். இரண்டும் ஒரே ஆளாக இருந்ததுதான் வம்பு.

வடக்கே மரம் அறுக்கும் ஆலை இருந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா அந்த ஆலையில் தொழிலாளி. அம்மா திருமணத்துக்கு முன் இதே பல்கலைக்கழக நகரத்தில், ஒரு பேராசிரியர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். அந்த வீட்டுக்கு எழுத்தாளர்கள் விருந்துக்கு வருவார்கள். மணி அடிக்கும். அம்மா போய்க் கதவைத் திறப்பார், கோட்டை வாங்கி மாட்டுவார், உள்ளே போய்விடுவார்.

பிரிட்டாவின் முனைவர் பட்ட ஆய்வு அதைப் பற்றியது. நூறாண்டு கால ஸ்வீடிஷ் நாவல்களில் கதவைத் திறப்பவர்கள். விருந்தாளி வருகிறார், யாரோ திறக்கிறார்கள், கதை உள்ளே நகர்கிறது. திறந்தவருக்குப் பெயர் உண்டா, முகம் உண்டா, ஒரு வாக்கியமாவது பேசுகிறாரா என்று நாவல் நாவலாகப் பார்த்தவர் அவர். பிறகு அதே பெண்களைக் கொண்டு நாவல்கள் எழுதினார். நல்ல நாவல்கள். நான் ஸ்வீடிஷ் கற்றுக்கொண்டதே அவற்றைப் படித்துத்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம். நான் தறியில் உட்காரவில்லை. சேலம் கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்தேன். மனைவி மல்லிகாவுக்கு இங்கே ஆய்வகத்தில் வேலை கிடைத்ததும் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மொழி படித்து, பல்கலைக்கழகத்தின் புல அலுவலகத்தில் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வேலை, பேராசிரியர் நியமனக் கோப்புகள். கலெக்டர் அலுவலகத்தில் பட்டா கோப்பு பார்த்தவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. பட்டா கேட்பவர்களாவது சில சமயம் உண்மையைச் சொல்வார்கள்.

பிரிட்டா மூன்று முறை பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். மூன்று கோப்பும் என் மேசை வழியாகத்தான் போயின. இங்கே விண்ணப்பங்களை வெளியூர் நிபுணர்களுக்கு அனுப்பி அறிக்கை வாங்குவார்கள். அந்த அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம், ரகசியம் கிடையாது. முதல் முறை வந்த அறிக்கை, நாவல்களை ஆய்வுத் தகுதியாக எடுத்துக்கொள்ள இயலாது என்றது. சரி, விதி அப்படித்தான். இரண்டாம் முறை, ஆய்வு நூல்களிலும் நாவலாசிரியரின் நடை தெரிகிறது என்றார்கள். அதாவது படிக்க நன்றாக இருக்கிறது, அது குற்றம். மூன்றாம் முறை, ஓய்வுக்கு அதிக காலமில்லை என்பதை நேராகச் சொல்லக் கூடாது என்பதால் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். அந்தப் பக்கம் பத்திரிகை விமர்சகர்கள், இவர் நாவலில் வகுப்பறை வாடை அடிக்கிறது என்று எழுதினார்கள். எழுத்தாளர்களுக்கான உதவித்தொகைக் குழு, உங்களுக்குத்தான் பல்கலைக்கழக வேலை இருக்கிறதே என்றது.

ஒவ்வொரு தாளையும் நான் பார்த்திருக்கிறேன். நடைமுறையில் ஒரு பிழை இருந்தால்கூட மேல்முறையீட்டுக்கு நானே வழி காட்டியிருப்பேன். இல்லை. எல்லாம் ஒழுங்காக, தேதி தவறாமல், கையெழுத்தோடு நடந்தது. ஒரு மனுஷியை இவ்வளவு சுத்தமாக ஒதுக்க முடியும் என்பதை நான் இங்கேதான் பார்த்தேன். கடைசி வரைக்கும் அவர் டோசெண்ட். பேராசிரியருக்கு ஒரு படி கீழே.

இதில் இன்னொரு நஷ்டம் உண்டு. இங்கே புதிதாகப் பேராசிரியர் ஆனவர், ஊர் மக்களும் வந்து உட்காரக்கூடிய பெரிய அரங்கில் ஒரு பதவியேற்புரை ஆற்றுவார். தன் வாழ்நாள் வேலை எதைப் பற்றியது என்று ஒரே மூச்சில் சொல்லும் சந்தர்ப்பம் அது. பிரிட்டா அந்த உரையை முதல் விண்ணப்பத்தின்போதே எழுதி வைத்துவிட்டார். முதல் பாதி நாவல்களும் கதவுகளும். இரண்டாம் பாதியில் அவருடைய அம்மா வருகிறார். எனக்குப் படிக்கக் கொடுத்தார். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

3

என் தங்கை மகள் கலைவாணி ஆங்கில விரிவுரையாளர். தம்மம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ராசிபுரத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே காட்டை வளைத்துக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் வேலை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கூப்பிட்டாள்.

"மாமா, எங்க காலேஜ்ல இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ். எனக்கு ஒரு ஃபாரினர் வேணும்."

"எதுக்கு?"

"ஃபாரினர் இல்லன்னா அது நேஷனல் ஆயிடும். நேக் கமிட்டி மதிப்பீட்டுல காலேஜுக்குப் புள்ளி கொறையும்."

"ஆள்தான் வேணும்னா ஏற்காட்டுக்குப் போ. சீசனுக்கு வெள்ளக்காரங்க வருவாங்க, ஒருத்தரப் புடிச்சு உக்கார வெச்சுக்க."

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. நீங்க மெயில்ல எழுதுவீங்கல்ல, கதவு தொறக்கறவங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணுன ஒரு அம்மான்னு. அவங்க வருவாங்களா? மத்தவங்களுக்குத்தான் புள்ளி வேணும். எனக்கு அவங்க பேசணும். சண்ட போட்டு ஒரு மணி நேரம் வாங்கிருக்கேன்."

கடைசி வார்த்தைகளில் நான் விழுந்துவிட்டேன். பிரிட்டாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அந்த உரையைப் பேசலாமா?" என்று கேட்டார். எந்த உரை என்று நான் கேட்கவில்லை.

மல்லிகா மட்டும், "நீங்க அங்க போயும் ஃபைல்தான் தூக்கப் போறீங்க" என்றாள். மகள் யாழினியிடமும் சொன்னேன். இதே அடுக்ககத்தில் வளர்ந்தவள். ஐந்து வயதில் அவளுக்கு ஸ்வீடிஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் பிரிட்டா. இப்போது வேறு நகரத்தில் இருக்கிறாள். அவள் பேசுவதில் 'அப்பா' என்ற சொல் மட்டும் தமிழ். "அப்பா, அவரை இப்போது யார் படிக்கிறார்கள்? நீங்கள் ஏன் இவ்வளவு சூடாகிறீர்கள்?" என்றாள். அவள் ஒரு புத்தகமாவது படித்தாளா என்று கேட்டேன். வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றாள். அதை அழகான ஸ்வீடிஷில் சொன்னாள்.

4

பொங்கல் முடிந்து போனோம். கல்லூரி வாசலில் லாரி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். அதில் பிரிட்டாவின் படம். பக்கத்தில் அதைவிடப் பெரிதாகத் தாளாளரின் படம். 'நோபல் தேசத்துப் பேராசிரியர்' என்று போட்டிருந்தது. மூன்று நிபுணர் குழுக்கள் கொடுக்காததை ராசிபுரத்து ஃப்ளெக்ஸ் கடை ஒரே இரவில் கொடுத்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பிரிட்டா கேட்டார். சொன்னேன். அவர் முகம் இறுகியது.

காலையில் அவர் பேச வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். முதல்வர் கையெழுத்துப் போட்டது. என் பையில் இருந்தது. ஆனால் குத்துவிளக்குக்கு ஏழு பேர். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துக்கு ஒரு வாழ்த்து. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பிரிட்டா மேல் மூன்று ஆடைகள் சேர்ந்துவிட்டன. மின்விசிறி இல்லாத மூலையில் குளிர்நாட்டுக்காரி வியர்த்துக்கொண்டிருந்தார். அவரை அறிமுகம் செய்யும்போது நான் ஸ்வீடன் பழக்கத்தில் வெறுமனே 'பிரிட்டா' என்று சொல்லிவிட்டேன். அரங்கு அதிர்ந்தது. முதல்வர் மைக்கை வாங்கி, "பிரிட்டா மேடம் அவர்கள்" என்று திருத்தினார்.

தாளாளர் திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டி வைத்து வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டு முன்னுக்கு வந்தவர். எத்தனை அடியில் எந்த மாநிலத்தில் தண்ணீர் என்று வெகுநேரம் பேசினார். அது சுவாரசியமாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது பிரிட்டாவின் நேரம். சாப்பாடு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு புகைப்படம். கடைசியில் அவர் மைக் முன்னால் நின்றபோது மணி மூன்றரை.

முதல் வாக்கியமாக, "நான் பேராசிரியர் இல்லை" என்றார். கலைவாணி தமிழில் சொன்னாள். அடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பிரிட்டா ஆங்கிலத்தில் ஒரு பத்தி பேசுவார், கலைவாணி அதைத் தமிழில் சொல்வாள். மொழிபெயர்ப்பு மாதிரி இல்லை. தனக்கே தோன்றியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அரங்கு மெல்ல அடங்கியது. "உங்கள் வீட்டில் கதவைத் திறப்பது யார்?" என்று பிரிட்டா கேட்டார். ஒரு பெண், "எங்க வீட்டுல கதவு தொறந்தேதான் கெடக்கும் மேடம்" என்றாள். சிரிப்பு. பிரிட்டாவும் சிரித்தார். நான் முப்பது ஆண்டுகளாகப் பார்க்காத சிரிப்பு.

அந்தச் சமயத்தில் வெளியே பஸ்கள் உறும ஆரம்பித்தன.

5

எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளுக்கு உண்மையான முதல்வர் பஸ்தான். வாழப்பாடி, ஆத்தூர், கெங்கவல்லி, நாமக்கல் என்று ஊருக்கு ஊர் பிள்ளைகளை அள்ளி வந்து நாலு மணிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பின் வாசலில் உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதினார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். யார்மேலும் கோபமில்லை, அவமரியாதை இல்லை. விசில் ஊதினால் எழ வேண்டும்.

பிரிட்டா வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, "எங்காவது தீப்பிடித்துவிட்டதா?" என்று கலைவாணியிடம் கேட்டார். அவர் ஊரில் அதற்கு மட்டும்தான் அரங்கு இப்படிக் காலியாகும். அவர் கையில் இரண்டாம் பாதி அப்படியே இருந்தது.

நான் முன்வரிசைக்குப் போனேன். தாளாளர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் பாதிப் பேச்சு இருக்குங்க" என்றேன்.

"ஏனுங்க சார், கோவிச்சுக்காதீங்க. அம்மா பேசுனது அருமைங்க. மிச்சத்த எழுதிக் குடுத்தாங்கன்னா புஸ்தகத்துல போட்டுக்கலாமுங்க."

"அது புஸ்தகத்துல போடறதுக்கு எழுதுனது இல்லீங்க. அவங்க இதுக்குன்னே அவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

"வந்தது பெருமைதானுங்க. ஆனா பஸ்ஸு நின்னா ஊட்டுக்கு ஊடு எனக்குப் போன் வருமுங்க. பொம்பளப் புள்ளைங்க. இருட்டறதுக்குள்ள கொண்டு போய் உடோணும். அதை நம்பித்தான் அனுப்பறாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே என் கோபம் கூடியது. அந்த நியாயம் ஏழு பேர் விளக்கேற்றும்போது எங்கே போயிருந்தது?

நிகழ்ச்சி நிரலை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி, மடித்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் இரண்டு நாட்டு அலுவலகங்களில் கற்ற வித்தை அவ்வளவுதான்.

பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. மேடையில் கலைவாணி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். கீழே இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் டிரைவர் செல்வம் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், எல்லா வண்டியும் போயிடுச்சு. நம்ம வண்டிதான் நிக்குது. கையெழுத்துப் போட்டீங்கன்னா எடுத்துடுவேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அதில் போகும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பு. பிள்ளைகளை எண்ணி அவர் கையெழுத்துப் போட்டால்தான் கேட்டில் தடுப்புக் கம்பியைத் தூக்குவார்கள். தம்மம்பட்டி பஸ்ஸுக்கு அந்தப் பொறுப்பு கலைவாணியுடையது.

"நிக்கட்டும் செல்வண்ணே. பிள்ளைங்கள இறங்கி உள்ள வரச் சொல்லுங்க."

முனகிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி, "எங்கம்மாவுக்கு என்ன மேடம் சொல்றது?" என்றாள்.

"கருத்தரங்கம்னு சொல்லு."

"அப்படின்னா என்னான்னு கேப்பாங்க மேடம்."

"அப்ப உண்மையச் சொல்லு. கலைவாணி மேடம் விடலன்னு."

அந்தக் கல்லூரியில் மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது. வீடுகளுக்குச் சொல்ல பிரிட்டா தன் கைபேசியைக் கொடுத்தார். ஸ்வீடன் எண்ணைப் பார்த்து ஒரு வீட்டிலும் எடுக்கவில்லை. பணம் பறிக்கும் கும்பல் என்று நினைத்திருப்பார்கள். கலைவாணியின் கைபேசியும் செல்வத்தின் கைபேசியும் வரிசையில் கைமாறின. தாளாளர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டு விருந்தாளி முன்னால் சத்தம் போட முடியாது. "நாளைக்குப் பேசிக்கலாமுங்க மேடம்" என்று கலைவாணியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த 'ங்க'வில் எவ்வளவு கத்தி வைக்க முடியும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு பஸ் கொள்ளும் பிள்ளைகள் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பிரிட்டா விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்கினார்.

உரையில் அவருடைய அம்மா வந்தார். அந்தப் பேராசிரியர் வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஓர் எழுத்தாளர், பிற்பாடு தன் நாவலில் அந்த வீட்டை எழுதியிருக்கிறார். சரவிளக்கு, நாய், மேசைவிரிப்பு, எல்லாம் இருக்கிறது. கதவு திறந்தது என்று ஒரு வரி. அவ்வளவுதான். பிரிட்டா கல்லூரியில் அந்த நாவலைப் பாடமாகப் படித்து, விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்த வரியைக் காட்டினாராம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்றைக்கு அவர் கோட் நனைந்திருந்தது, அடுப்புப் பக்கம் போட்டு உலர்த்திக் கொடுத்தேன்" என்றாராம்.

கலைவாணி இதைத் தமிழில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்வம் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிரிட்டா முடித்தது யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் 'நன்றி வணக்கம்' சொன்னால்தான் முடிந்ததாக அர்த்தம். எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, வீட்டுக்கு என்ன சொல்வது என்று கேட்ட அதே பெண் எழுந்தாள்.

"நாவல் எழுதாம ஆராய்ச்சி மட்டும் பண்ணியிருந்தா உங்களப் புரொபசர் ஆக்கியிருப்பாங்களா மேடம்?"

பிரிட்டா என்னைக் கை காட்டினார். கோப்பு பார்த்தவன் நான்தானே.

"ஆக்கியிருப்பாங்கம்மா" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"தெரிஞ்சும் ஏன் மேடம் எழுதுனீங்க?"

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "ஆய்வில் என் அம்மா கதவைத் திறப்பதோடு சரி. அவர் திரும்பி நடந்து அடுக்களைக்குப் போனதற்கு எங்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாததை ஆய்வில் எழுதக் கூடாது. அது நல்ல விதி. அதனால் நாவல் எழுதினேன்."

கலைவாணி அதைத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அந்தப் புக்கு தமிழ்ல இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதுவது சுலபம். உண்மையில் எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றின் மீதும்.

தம்மம்பட்டி பஸ் கேட்டைத் தாண்டியபோது இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது.

6

நாளைக்குப் பேசிக்கொள்வதாகச் சொன்னவர் மறுநாள் பேசவில்லை. அந்த மாதமும் பேசவில்லை. மதிப்பீட்டுக் குழு வரவேண்டியிருந்தது. கருத்தரங்கக் கோப்பைத் தயாரிக்கத் தெரிந்தவள் கலைவாணி ஒருத்திதான். அவள் தயாரித்தாள். குழு வந்து, பார்த்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு போனது. நல்ல புள்ளிகள் கிடைத்தனவாம். பிரிட்டா கணக்கில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் மெமோ வந்தது. சரியாக, எனக்கு இங்கே அந்த மலர் வந்த அதே வாரத்தில்.

"மாமா, மெமோ குடுத்துட்டாங்க. பஸ் ஏன் லேட்டுன்னு விளக்கம் கேட்டு."

"எந்த விதிப்படி?"

"விதியா? லெட்டர்பேடுல குடுத்திருக்காங்க. அடுத்த வருஷம் கான்ஃபரன்ஸ் கமிட்டியிலயும் என் பேரு இல்ல."

"பஸ் பொறுப்பு?"

"அதை எடுக்க மாட்டாங்க. தம்மம்பட்டிக்கு வேற யாரு இருக்கா?"

இரவு சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். முதல்வர் ஒப்புதல் தந்த நிகழ்ச்சி நிரலில் உரைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததை முதல் பத்தியில் வைத்தேன். தாமதம் யாரால் ஏற்பட்டது என்பதை, யார் பெயரும் சொல்லாமல், இரண்டாம் பத்தியில். பெற்றோருக்குத் தகவல் தரப்பட்டதை மூன்றில். அதே உரையைக் காட்டி நிர்வாகம் மதிப்பீட்டில் புள்ளிகள் பெற்றதைக் கடைசியில், மிகப் பணிவான சொற்களில். சேலத்திலும் சரி, ஸ்வீடனிலும் சரி, எந்த மேசையிலும் நிற்கக்கூடிய கடிதம். என் பணிக்காலத்திலேயே இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. காலையில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"படிச்சேன் மாமா. பிரமாதமா இருக்கு. ஆனா நான் நேத்தே பதில் குடுத்துட்டேன்."

"எனக்குக் காட்டாமலா? என்ன எழுதுன?"

"ஒரு வரிதான். 'அவர் பேசி முடிக்கவில்லை, முடித்ததும் கிளம்பினோம்.'"

"அவ்வளவுதானா?"

"வேற என்ன மாமா நடந்துச்சு?"